மூன்று ஆட்டம் தோற்றால் உள்ளே

ஆள் எடுக்கிற இடத்தில் எல்லாரும் ஜெயிக்கிறவனைத்தான் தேடுவார்கள். ஒருத்தன் தோற்கும்போது அவன் வாயில் என்ன வருகிறது என்று காது கொடுத்துக் கேட்டு ஆள் எடுத்தவள், எனக்குத் தெரிந்து, அந்த அக்கா ஒருத்திதான். பேரை எழுத மாட்டேன். எழுதினேன் என்று தெரிந்தால், “என் பேரை வச்சு என்னட்டி செய்யப் போற, ஆதார் கார்டா எடுக்கப் போற?” என்று கேட்பாள்.

குற்றாலம் மெயின் அருவியில் பெண்கள் குளிக்கிற பக்கத்தில், சீசனுக்குச் சீசன் தற்காலிக வேலை பார்த்தாள். சேலைக்கு மேலே மஞ்சள் மழைக்கோட்டு, கழுத்தில் விசில், நெற்றியில் சாரலில் பாதி கரைந்த திருநீறு. ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் நுழைந்துவிடக் கூடாது, யாரும் போனைத் தூக்கிப் படம் பிடித்துவிடக் கூடாது. அதுதான் வேலை. விடியற்காலையில் நின்றால் மதியம் வரைக்கும் நிற்பாள்.

அவள் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. தடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வந்து நின்றால், “கொஞ்சம் நில்லுங்க அண்ணாச்சி” என்பாள். அவ்வளவுதான். அதற்கு அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பார்ப்பாள்.

“நிக்கிறவரு நல்லவரு. ஏம்மான்னு கேக்கிறவரும் நல்லவருதான், பொண்டாட்டி பிள்ளையத் தேடி வந்திருப்பாரு. நான் யாருன்னு தெரியுமான்னு கேப்பான் பாத்துக்கோ, அவனைத்தான் விடவே கூடாது” என்று எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

வேலை இல்லாத நேரத்தில் அவள் ஒரு கில்டுக்குத் தலைவி. கில்டு என்றால், போனில் ஆன்லைனில் விளையாடுகிறவர்கள் சேர்ந்து வைத்துக்கொள்கிற கூட்டம். விளையாட்டு என்ன என்றால், நாலு நாலு பேராக வானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும். கிடைக்கிற துப்பாக்கியை எடுத்துக்கொள்ள வேண்டும். நாம் நிற்கலாம் என்கிற வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், வெளியே நின்றால் உயிர் போகும். கடைசியில் எந்த நாலு பேர் மிஞ்சுகிறார்களோ அவர்கள் ஜெயித்தார்கள். ஐம்பது வயதை நெருங்கிய ஒருத்திக்கு இதில் என்ன வேலை என்று நானும்தான் முதலில் நினைத்தேன்.

நான் அவளைப் பார்த்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. என் மகள் அருவியில் குளித்துக்கொண்டிருந்தாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, என் மாப்பிள்ளைக்கு, புருஷனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், போன் போட்டு, “கேக்குதாங்க, கேக்குதாங்க” என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் வெளிநாட்டில் ஏசி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாட்டில் போனில் முகம் பார்த்துப் பேசுகிற வழியை எல்லாம் அப்போது அடைத்து வைத்திருந்தார்கள். சாதாரணக் கால் போட்டால் காசு கரைகிற வேகத்தில் நாலு வார்த்தை பேசுவதற்குள் வைத்துவிட வேண்டியிருக்கும்.

அக்கா பக்கத்தில் வந்து நின்றாள்.

“வெளிநாட்டுலயா?”

“ஆமாக்கா.”

“என் மவனும் அங்கனதான் இருக்கான். அங்கன வீடியோ கால் எடுக்காது, ஆனா கேம்ல மைக் எடுக்கும். மணிக்கணக்காப் பேசலாம். நான் சொல்லித்தாரேன்.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “என்ன ஒண்ணு, நீ துப்பாக்கி சுடணும்” என்றாள்.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள் பலர் அந்த விளையாட்டுக்குள் வந்தது இப்படித்தான். மகனிடம், மாப்பிள்ளையிடம், தம்பியிடம் பேச வந்தவர்கள். கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, “மவனே, காய்ச்சல் விட்டுட்டா, கஞ்சி குடிச்சியா” என்று கேட்பார்கள். எதிரி சுட்டுவிட்டுப் போய்விடுவான்.

எனக்கு மனசுக்குள் ஒரு பயம் இருந்தது. தென்காசியில் பெண்களுக்கு ஓதிக்கொடுக்கிற ஆலிமாவிடம் போய்க் கேட்டேன். சூது இருக்கக் கூடாது, தொழுகை தப்பக் கூடாது, கெட்ட பேச்சு காதில் விழக் கூடாது, இந்த மூன்றையும் வைத்து நீயே முடிவு பண்ணிக்கொள் என்றார்கள். சூது அதில் இல்லை. தொழுகையை நான் விட மாட்டேன். மூன்றாவதுதான் சிக்கல். அந்த விளையாட்டில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்துவிட்டால் அவர்கள் பேசுகிற பேச்சு இருக்கிறதே, தொழுகைக்குக் கை கால் கழுவி வுளூ செய்துவிட்டு வந்து கேட்கிற பேச்சு இல்லை. பெண் குரல் கேட்டுவிட்டால் இன்னும் மோசம்.

இதை அக்காவிடம் சொன்னேன். “அதுக்குத்தானட்டி நான் இருக்கேன்” என்றாள்.

அவள் கில்டில் யார் சேர வேண்டுமென்றாலும் முதலில் அவளோடு மூன்று ஆட்டம் ஆட வேண்டும். எப்படிச் சுடுகிறான், எத்தனை பேரை வீழ்த்தினான் என்று பார்க்க மாட்டாள். அந்த மூன்று ஆட்டத்தையும் அவளே கெடுப்பாள். வட்டத்துக்கு வெளியே போய் நிற்பாள். காருக்குள் ஏறி மரத்தில் மோதுவாள். எதிரி ஒளிந்திருக்கிற வீட்டுக்குள் கதவைத் திறந்துகொண்டு போவாள். “ஐயோ, தெரியாமப் போயிட்டேன் தம்பி” என்பாள். அப்புறம் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். தோல்வி என்று திரையில் விழுந்த அந்த நேரத்தில் மைக்கில் என்ன வருகிறதோ அதுதான் அவளுக்கு வேண்டும்.

என்னையும் விடவில்லை. மூன்றும் தோற்றோம். மூன்றாவதில், “அல்லாஹ்வே, என்னாலதான் நீங்களும் செத்துட்டீங்க, மன்னிச்சுக்கோங்கக்கா” என்றேன். அவள்தான் கெடுத்தாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. “உள்ள வா” என்றாள்.

செங்கோட்டையில் பேக்கரி வைத்திருந்த ஒருவர் வந்தார். பாதி மலையாளம். அக்கா அவரை மூன்று முறை சாகடித்தாள். “சாரமில்ல சேச்சி, கார் ஓட்டினது ரசமாயிருந்தது, ஒண்ணுகூடி ஓட்டாமோ?” என்றார், பரவாயில்லை, இன்னொரு தடவை ஓட்டலாமா என்று அர்த்தம். உள்ளே விட்டாள். பின்னாளில் அவள் இல்லாத நேரத்தில் கில்டைப் பார்த்துக்கொண்டது அவர்தான்.

அதே மாதத்தில் மதுரைப் பக்கமிருந்து ஒரு பையன் கேட்டான். பெரிய ஆட்டக்காரன். அவன் வந்தால் எங்கள் கில்டு பட்டியலில் எங்கேயோ போய்விடும் என்று எல்லாருக்கும் ஆசை. முதல் ஆட்டம் பேசாமல் இருந்தான். இரண்டாவதில் அக்கா காரை மரத்தில் விட்டபோது, “கிழவிக்கெல்லாம் யாருடா போன் வாங்கிக் குடுத்தது” என்றான். அதற்கு மேலும் சொன்னான்.

“தம்பி, நல்லா ஆடுதீங்க. உங்களுக்கு ஏத்த கூட்டம் நிறைய இருக்கும். எங்க வீட்டுல பொம்பளைங்க இருக்காங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

உள்ளே இருந்த பையன்கள் முணுமுணுத்தார்கள். “அக்கா, நீங்க வேணும்னே கெடுத்தீங்க, அதான் அவனுக்குக் கோவம் வந்துது” என்று ஒருவன் நேரடியாகவே கேட்டான்.

“ஆமாலே. அந்தக் கோவத்தைப் பாக்கத்தான் கெடுத்தேன். செயிக்கும்போது எல்லாப் பயலும் தங்கம்தான். நாம என்னைக்குச் செயிச்சிருக்கோம்? வாரத்துல ஆறு நாளு தோக்குதோம். ஆறு நாளும் அவன் வாயைக் கேட்டுக்கிட்டு இருப்பியா நீ?”

அவளும் தவறியிருக்கிறாள். கீழப்பாவூரிலிருந்து ஒரு தங்கச்சி, அமைதியான பொண்ணு. ஒரு நாள் ஆட்டம் தோற்றதும் அவள் மைக்கிலிருந்து, “உன்னை உயிரோட விட மாட்டேன்டி” என்று கேட்டது. அக்கா அந்த நிமிஷமே வெளியே எடுத்துவிட்டாள். மறுநாள் பார்த்தால், அது அந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த டிவி சீரியல் மாமியார் பேசியது. அக்கா எல்லாரையும் கூப்பிட்டு வைத்து, எல்லார் காதும் கேட்க, “அவசரப்பட்டுட்டேன், என்னை மன்னிச்சிரும்மா” என்று அந்தத் தங்கச்சியிடம் கேட்டாள். ஒரு தலைவி அப்படிக் கேட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளை மட்டும் பார்க்காமல் உள்ளே விட்டாள். என் மாப்பிள்ளையை. அதற்குக் காரணம் நான்.

அவர் சேரப் போகிறார் என்றதும், “அவருக்கும் மூணு ஆட்டம் உண்டு பாத்துக்கோ” என்றாள். எனக்குச் சுருக்கென்றிருந்தது. “அக்கா, அவரு அஞ்சு நேரமும் தொழுகிற ஆளு. ஒரு கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவரைப் போய்ச் சோதிக்கணுமா?” என்றேன். எனக்காகவும், தொழுகைக்கு அவள் வைத்திருந்த மரியாதைக்காகவும் விட்டுவிட்டாள். பாங்கு சத்தம் கேட்டால் எனக்கு முன்னால் அவள்தான், “ஏட்டி, போனை வை, போய்த் தொழுதுட்டு வா” என்பாள்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. இங்கே நான் சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் பொழுது சாய்ந்து மக்ரிப் வரைக்கும் பேசுவோம். ஏழெட்டு மாதம் நன்றாகத்தான் போனது, அல்ஹம்துலில்லாஹ். எங்கள் வீட்டில் அவர் இருந்த காலத்தில்கூட அவ்வளவு பேசியதில்லை.

கில்டில் ராயகிரியிலிருந்து ஒரு அம்மா இருந்தார்கள். நாலு மாடு, கொஞ்சம் நிலம், ஒரே மகன். மகன் என் மாப்பிள்ளை இருந்த அதே ஊரில்தான் வேலையில் இருந்தான். போனில் எதை அழுத்தினால் என்ன வரும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. கில்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் பச்சைப் பட்டனை அழுத்துவார்கள். உள்ளே வந்து மகன் குரல் கேட்டதும் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவர்களைத் தள்ளிக்கொண்டு ஓடுவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, நான், என் மாப்பிள்ளை, அந்த அம்மா, பேக்கரிக்காரர், நாலு பேரும் ஒரு ஆட்டத்தில் இருந்தோம். அந்த வாரம் என் மாப்பிள்ளைக்கு வெயிலில் மொட்டை மாடி வேலை, மேஸ்திரியோடு சண்டை வேறு. அதிசயமாகக் கடைசி வரை வந்துவிட்டோம். நானும் பேக்கரிக்காரரும் முன்பே செத்துவிட்டோம், எதிரே ஒரே ஒருத்தன்தான் மிச்சம். அந்த அம்மா வட்டத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டு கூப்பிட்டார்கள். அந்தக் குழப்பத்தில் என் மாப்பிள்ளையும் விழுந்தார், தோற்றோம்.

“மாடு மேய்க்கிறதை விட்டுட்டு உனக்கெல்லாம் எதுக்கு போனு” என்றார் என் மாப்பிள்ளை. அதற்குப் பின்னால் ஒரு வார்த்தை வந்தது. அதை நான் எழுத மாட்டேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. “மாடும் மேய்க்கேன் அண்ணாச்சி” என்றார்கள். அப்புறம் அவர்கள் மைக் அணைந்துவிட்டது.

பேக்கரிக்காரர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். பத்து நிமிஷத்தில் என் மாப்பிள்ளை கில்டில் இல்லை.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துக் குற்றாலம் போனேன். நல்ல தண்ணீர். பாதுகாப்பு வளைவான ஆர்ச்சுக்கு மேலே விழுந்துகொண்டிருந்ததால் யாரையும் குளிக்க விடவில்லை. அக்கா கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அருவிச் சத்தத்தில் காதோடு காதாகத்தான் பேச முடிந்தது.

“அக்கா, ஒரு வார்த்தைதானே. அவருக்கு அந்த வாரம் ரொம்பக் கஷ்டம்.”

“கஷ்டம் இல்லாத ஆளு யாருட்டி நம்ம கில்டுல இருக்கா?”

“நான் சொல்லித்தானே விட்டீங்க. தப்பு என்மேலதான்.”

“நீ சொல்லுவ. நீ அவரு பொண்டாட்டி, சொல்லத்தான் செய்வ. வாசல்ல நின்னவ நான்லா. பாக்காம விட்டது நான். அந்த ராயகிரிக்காரி நேத்துப் போன் போட்டு என்ன சொன்னா தெரியுமா? எனக்கு இதெல்லாம் வராதும்மா, போனை எடுத்து அரிசிப் பானைக்குள்ள வச்சிட்டேன்னு சொல்லுதா. அவ மவன் மூணு தடவை கூப்பிட்டிருக்கான், எடுக்கலை.”

முகத்தில் விழுந்த சாரலைத் துடைத்துக்கொண்டேன்.

“அவரு வரணும்னா எல்லாரையும் போல மூணு ஆட்டம் ஆடிட்டு வரட்டும். அந்த அம்மாவும் கூட இருக்கணும். நான் போய் அவளைக் கூட்டிட்டு வாரேன்” என்றாள்.

இதைக் கேட்டதும் அவருக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. சாதாரணக் காலில் அவசர அவசரமாகப் பேசினார். “எனக்கு ஒரு பொம்பள பரீட்சை வைக்கிறாளா? நீயும் வெளிய வந்துரு. நாம ரெண்டு பேரும் தனியாப் பேசிக்கலாம், அதுக்குக் கில்டு எதுக்கு?”

அவர் சொன்னதும் சரிதான். தனியாகவும் பேசலாம். மாப்பிள்ளை சொன்னதை நான் தட்டியதில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குள் ஏதோ நின்றுவிட்டது. அரிசிப் பானைக்குள் இருக்கிற அந்தப் போன் கண்ணுக்குள்ளேயே இருந்தது. அவர் பேசினதற்கு அந்த அம்மா தண்டனை அனுபவிக்க, நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சில் அல்லாஹ்வுடைய அருள், பரக்கத் இருக்குமா?

“அந்த அம்மா திரும்ப வரட்டுங்க. அப்புறம் நான் வாரேன்” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மூன்று வெள்ளிக்கிழமை போனது. அஸர் தொழுதுவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மகள், “வாப்பா ஏன் வரலை” என்று கேட்பாள். துஆவில் அழுதேன். அக்காமேல்கூட எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு அருவிக் காவல்காரிக்கு இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று நினைத்தேன். அவளோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேலை முடிந்து, ஈரச் சேலையோடு ராயகிரிக்குப் பஸ் ஏறிப் போய், அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்திருக்கிறாள். பேக்கரிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் அவரே கூப்பிட்டார். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை.

“உங்களை ஒண்ணும் சொல்லலைங்க. ஆனா அந்தப் பையன் அவன் அம்மா குரல் கேட்டு மூணு வாரமாச்சு” என்று மட்டும் சொன்னேன்.

 என் மாமி, அவரைப் பெற்ற உம்மா, மௌத்தானபோது அவர் அங்கேதான் இருந்தார். கடைசி மாதம் முழுக்கச் சரியாகப் பேச முடியவில்லை. நான் அதை நினைத்துச் சொல்லவில்லை, அல்லாஹ் அறிவான். ஆனால் சொன்ன பிறகு எனக்கும் அது நினைவுக்கு வந்துவிட்டது.

“வெள்ளிக்கிழமை வாரேன்னு சொல்லு” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை அக்கா, அந்த அம்மா, அவர், நான், நாலு பேரும் இறங்கினோம். அந்த அம்மாவின் மகனும் பேக்கரிக்காரரும் வெளியே காத்திருந்தார்கள். முதலில் அவர், “அம்மா, நான் அன்னைக்குப் பேசினது தப்பு” என்றார். அந்த அம்மா, “சரி அண்ணாச்சி” என்றார்கள்.  ஆட்டம் தொடங்கியது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா காரை ஆற்றுக்குள் விட்டாள். தோற்றோம். அவர் பேசவில்லை. இரண்டாவதும் தோற்றோம். மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அக்காவுக்கு இல்லை.

“அண்ணாச்சி, வாயைப் பூட்டிட்டு வந்தா எனக்கு எப்படித் தெரியும்? நீங்க பேசாம இருக்கிறதைப் பாக்கிறதுக்கா இம்புட்டு தூரம் கூப்பிட்டேன்? பேசி ஆடுங்க.”

மூன்றாவது ஆட்டம். அக்கா சீக்கிரமே செத்தாள், நானும் போனேன். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அவர் வட்டத்துக்குள் நல்ல இடத்தில் படுத்திருந்தார். எதிரே நாலைந்து பேர்தான் மிச்சம். அப்போது அந்த அம்மா வட்டத்துக்கு வெளியே, ஒரு சரிவில், அடிபட்டு விழுந்தார்கள். விழுந்தவர்கள் பக்கத்தில் கூட ஆடுகிற ஒருவர் போய்க் கொஞ்ச நேரம் மண்டியிட்டால் எழுந்துவிடலாம். ஆனால் போகிறவரும் சாகத்தான் வாய்ப்பு அதிகம்.

“அண்ணாச்சி, நான் மறுபடியும் தப்பா வந்துட்டேன்” என்றார்கள் அந்த அம்மா. அழுகிற குரல்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“போகட்டும்மா. எங்கன கிடக்கீங்க?”

“வராதீங்க அண்ணாச்சி. நீங்க உள்ளயே இருங்க, செயிச்சிருவீங்க.”

“செயிச்சு என்னம்மா செய்யப் போறேன். அசையாம இருங்க, வாரேன்.”

எழுந்து ஓடினார். வட்டத்தை விட்டு வெளியே வந்தார். உயிர் குறைந்துகொண்டே வந்தது. சரிவில் இறங்கி அந்த அம்மா பக்கத்தில் மண்டியிட்டார். “எங்க உம்மாவும் இப்படித்தாம்மா, போன்ல எதை அழுத்தணும்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க” என்றார். அந்த அம்மா எழுந்து நிற்பதற்கு முன்னால் இரண்டு பேரும் செத்தார்கள். தோல்வி என்று திரையில் விழுந்தது.

 அக்கா, “ராயகிரியம்மா, நீ சொல்லு. உள்ள விடவா?” என்று கேட்டாள்.

“விடும்மா, பாவம். என்னால ரெண்டு தடவை செத்துட்டாரு” என்றார்கள் அந்த அம்மா. அவர்கள் மகன் வெளியே காத்திருந்தவன் உள்ளே வந்து, “யம்மா” என்றான். அந்த அம்மா வழக்கம்போல அப்படியே நின்றுவிட்டார்கள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அக்கா பேக்கரிக்காரரைக் கூப்பிட்டாள்.

“தம்பி, லீடர் பட்டனை உன் பேருக்கு மாத்திட்டேன். பாக்காம ஒருத்தரை உள்ள விட்டது நான். அதனால நான் வெளிய இருந்து வாரேன். எனக்கும் மூணு ஆட்டம். நீ கெடு, நான் என்ன பேசுதேன்னு ராயகிரியம்மா கேக்கட்டும்.”

“அய்யோ சேச்சி, உங்களையோ?”

“என்னையத்தான். காரை எடு.”

அவர்கள் ஆட்டத்துக்குப் போனார்கள். நானும் என் மாப்பிள்ளையும் தனியாக வேறு ஆட்டத்தில் இறங்கி ஒரு பக்கம் நின்றோம். யாரும் எங்களைச் சுடவில்லை. இன்றைக்கு என்ன சமைத்தாய் என்று கேட்டார். சொன்னேன். மகளிடம் கொடு என்றார். கொடுத்தேன். அவள் மூன்று வாரத்துக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னாள்.  மக்ரிப் பாங்கு சொன்னதும் எழுந்தேன். அப்போதும் உள்ளே அக்கா மூன்றாவது ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தாள்.